கொல்லை மரங்களும் கோடை நம்பிக்கைகளும்

ஆனி மாதம் முடிவதற்குள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொல்லைகளில் கடைசி நீலம் மாங்காயும் இறங்கிவிடுகிறது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலாவும் ஆடியோடு ஓய்ந்துவிடும். அதுவரை மரத்தடியையே சுற்றிவந்த வீடு, பழம் தீர்ந்ததும் மரத்தை மறந்துவிடுகிறது. தண்ணீர் நிற்கிறது, சருகு கூட்டி எரிக்கப்படுகிறது, அழுகிய பழங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. அடுத்த தையில் மரம் பூக்காதபோது காரணம் தேடுகிறோம். அப்போதுதான் கண்ணேறு, தீட்டு, மலட்டு மரம் என்ற பேச்செல்லாம் எழுகிறது.

வீட்டுக்கொல்லை மரங்களைப் பற்றி நம் ஊர்களில் நிலவும் நம்பிக்கைகளில் சில அனுபவத்தில் விளைந்தவை. சில பாதி உண்மை. சில மரத்தையும் மனிதரையும் வருத்துபவை. கோடையின் பின்பகுதியில், அதாவது வைகாசிக் கடைசி முதல் ஆடி வரை, இவற்றைப் பிரித்தறிந்து நடந்துகொண்டால் அடுத்த ஆண்டு விளைச்சலில் வித்தியாசம் தெரியும்.

நம்பிக்கை 1: "அக்னி நட்சத்திரம் போச்சு, பழமும் பறிச்சாச்சு. இனி மரத்துக்கு ஓய்வு."

உண்மை: நம் மரங்களுக்கு அக்னி நட்சத்திரத்துக்குப் பிந்தைய நாள்களும் சோதனைக் காலம்தான். மே மாதக் கடைசியில் அக்னி முடிகிறது, வெயில் முடிவதில்லை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், அந்தப் பக்கம் கேரளம் நனையும்போது இந்தப் பக்கம் நமக்கு வருவது பெரும்பாலும் வறண்ட மேல்காற்று. ஆனி, ஆடிக் காற்று மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். எப்போதாவது மாலையில் இடிமழை பெய்தாலும் அது எல்லா ஊருக்கும் வருவதில்லை. நம்பி இருக்கத்தக்க மழை ஐப்பசியில்தான்.

மரத்தின் கணக்கும் இதே மாதங்களில்தான் தொடங்குகிறது. மா மரம் மார்கழி முதல் மாசி வரை பூக்கிறது. பூங்கொத்து வருவது கிளையின் நுனியில். அந்த நுனி, பழம் பறித்த பிறகு விடுகிற தளிராக இருந்து, பல மாதம் முற்றி, சத்துச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தளிர் விட்ட கிளைக்குத் தைக்குள் முற்ற நேரம் இருக்கிறது. காய்ந்து கிடந்துவிட்டு ஐப்பசி மழையில்தான் துளிர்த்தது என்றால், பூக்க வேண்டிய நேரத்தில் அது இன்னும் இளந்தளிராகவே நிற்கும். ஆகவே அறுப்பு முடிந்த இந்த நேரம் அடுத்த விளைச்சலின் முதல் மாதம். கார்த்திகை, மார்கழியில் மா மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தலாம். அந்த வறட்சி பூக்க உதவும். ஆனியில் நிறுத்தக் கூடாது.

நம்பிக்கை 2: "தினமும் தூருல ஒரு குடம் ஊத்தினா போதும்."

உண்மை: இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று இடம், மற்றொன்று முறை.

வளர்ந்த மரத்தின் தூரை ஒட்டியிருப்பவை மரத்தைத் தாங்கி நிற்கும் தடித்த வேர்கள். தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள், கிளைகளின் நிழல் விழும் எல்லையை ஒட்டி, மேல் இரண்டு அடி மண்ணில் அதிகமாகப் பரவியிருக்கும். தூரில் ஊற்றிய தண்ணீரில் அவற்றுக்குக் கிடைப்பது குறைவு. எலுமிச்சை, நார்த்தை வகைகளில் இது ஆபத்தாகவும் முடியும். அடிமரம் எப்போதும் ஈரமாக இருந்தால் மண்ணிலுள்ள பூஞ்சாணம் பட்டையில் ஏறி, பிசின் வடிந்து, மரம் மெல்லப் பட்டுப்போகும். எலுமிச்சைக்குத் தூரைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டப்பாத்தி கட்டித் தண்ணீர் விடுவதே முறை. தண்டில் தண்ணீர் தொடக் கூடாது.

அதே ஒரு குடத்தைப் பாத்தி முழுவதும் தெளித்தாலும் பயனில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர் அகல வட்டப்பாத்தியின் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். காய்ந்த செம்மண்ணில் ஓர் அடி ஆழம் நனைய, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரு முறைக்கு 90 லிட்டருக்கு மேல், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஆறேழு குடம். தினமும் ஒரு குடம் ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் ஏழு குடத்தையும் சேர்த்து விட்டால், செலவாகும் தண்ணீர் அதேதான். ஈரம் மட்டும் வேர் இருக்கும் ஆழம் வரை இறங்குகிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடிக்குப் போய்விட்ட நம் மாவட்டத்தில் இந்தக் கணக்கு தண்ணீரையும் காப்பாற்றும், மரத்தையும் காப்பாற்றும்.

விதிவிலக்குகள் உண்டு. நட்டு ஓராண்டு ஆகாத கன்றுக்கு வேர் ஆழம் போயிருக்காது. அதற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக விட வேண்டும். செம்புறாங்கல்லும் சரளையும் கலந்த மண்ணில் ஈரம் நிற்காது. அங்கே இடைவெளியைக் குறைக்க வேண்டும். பெரிய மா, பலாவுக்கு முழுப் பாத்தி கட்ட முடியாவிட்டால், நிழல் எல்லையை ஒட்டி ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வட்டமாக வாய்க்கால் எடுத்து அதில் நிரப்பலாம். நனைந்ததா என்று பார்க்க மறுநாள் ஒரு கம்பியைக் குத்துங்கள். எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறதோ அவ்வளவுதான் ஈரம்.

நம்பிக்கை 3: "உச்சி வெயில்ல இலையில தண்ணி பட்டா, பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சு இலையை எரிச்சிடும்."

உண்மை: இந்தக் கேள்வியை ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். இலைகளின் மேல் கண்ணாடிக் குண்டுமணிகளை வைத்தபோது இலை கருகியது. தண்ணீர்த் துளி வைத்தபோது வழவழப்பான இலைகள் கருகவில்லை. துளி தட்டையாகப் பரவிவிடுவதால் வெயில் குவியும் புள்ளி இலையைத் தாண்டி விழுகிறது. துளி விரைவில் ஆவியாகியும் விடுகிறது. மயிரிழை போன்ற ரோமத்தின் மேல் துளி உருண்டு நிற்கும் ஒரு வகை நீர்ச்செடியில் மட்டும் கருகல் தெரிந்தது. மா, பலா, சப்போட்டா, எலுமிச்சை இலைகள் வழவழப்பானவை. அவை துளியால் கருகுவதில்லை.

அப்படியானால் நண்பகலில் தண்ணீர் விடலாமா? வேண்டாம். காரணம் வேறு. அந்த நேரத்தில் ஆவியாதல் அதிகம். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயிலிருந்து முதலில் வருவது கொதிநீர். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் தண்ணீர் உப்பாக இருந்தால், இலையில் பட்டு உலரும்போது உப்பு தங்கி ஓரம் கருகும். அந்தக் கருகலைத்தான் பலர் வெயில் எரித்ததாக எண்ணுகிறார்கள். விடியற்காலையில் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை.

நம்பிக்கை 4: "சருகு கிடந்தா கரையான் வரும். கூட்டி எரிச்சாத்தான் கொல்லை சுத்தம்."

உண்மை: இது பாதி உண்மை. நம் செம்மண் கரையானுக்கு உகந்த மண். சருகை அடிமரத்தோடு ஒட்டிக் குவித்தால் கரையான் அதன் மறைவில் மரமேறும், உண்மைதான். ஆனால் கரையானுக்கு விருப்பமான தீனி செத்த பொருள். சருகையெல்லாம் எரித்துவிட்ட வறண்ட மண்ணில், தண்ணீரின்றித் தளர்ந்த மரத்தின் காய்ந்த பட்டையும் வேருமே அதற்குக் கிடைக்கும் உணவு. எரிப்பதால் கரையான் ஒழிவதும் இல்லை. அதன் புற்று மண்ணுக்குள் இருக்கிறது.

தூரிலிருந்து ஒரு அடி விட்டு, பாத்தி முழுவதும் நான்கு விரற்கடைக் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. கடலைத் தோல், முந்திரிச் சருகு, தென்னை மட்டை, தேங்காய் நார்க்கழிவு, வாழைச் சருகு என்று எது கிடைத்தாலும் சரி. மண் சூடு தணியும், ஈரம் கூடுதல் நாள் நிற்கும், களை குறையும், மட்கிய பிறகு உரமும் ஆகும். அடிமரத்தில் மண்கோடு ஏறினால் வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட்டாலே கரையான் உள்ளே புக முடியாது.

ஆடியில் ஒரு நல்ல மழை கிடைத்தால் மரங்களுக்கு இடையே உளுந்தோ தட்டைப்பயறோ கொள்ளோ தெளித்துவிடலாம். பயறு ஆராய்ச்சிக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் நம் வம்பனில் இருக்கிறது. அங்கே உருவான வம்பன் உளுந்து ரகங்கள் தமிழ்நாடு முழுவதும் விதைக்கப்படுகின்றன. பயறுச் செடி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். நிலத்தை மூடியும் வைக்கும். காய் பறித்தபின் செடியைப் பிடுங்கி அங்கேயே போட்டால் அதுவே மூடாக்கு.

மூடாக்காகப் பச்சைச் சாணத்தைப் போடுவது மட்டும் கூடாது. மட்காத சாணம் கரையானையும் காண்டாமிருக வண்டின் புழுவையும் சேர்க்கும். நன்றாக மட்கிப் பொலபொலவென்று உதிர்ந்தால்தான் அது எரு.

நம்பிக்கை 5: "காய்க்கிற மரத்துல அரிவாள் படக் கூடாது."

உண்மை: பழந்தரும் மரத்தை வெட்ட மனம் வராதது நல்ல குணம். கவாத்து செய்வது மரத்தை வெட்டுவதாகாது. உட்புறம் அடர்ந்து வெயில் புகாத மரத்தில், நிழலில் நிற்கும் கிளைகள் பூப்பதில்லை. பூச்சிக்கும் பூஞ்சாணத்துக்கும் இடம் கொடுக்கின்றன.

எதை எப்போது வெட்டுவது என்பது மரத்துக்கு மரம் மாறும். மாவுக்குப் பழம் பறித்த உடனே. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, பழைய பூங்காம்பு ஆகியவற்றை எடுக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு வெட்டினால் பூக்கவிருக்கும் நுனியே போய்விடும். கொய்யா புதுத்தளிரில் பூக்கும் மரம். நுனிகளை அரை சாண் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை பெருகிக் காயும் பெருகும். பலா அடிமரத்திலும் தடித்த கிளையிலும் காய்ப்பது. அங்கே முண்டு முண்டாக இருப்பவற்றைச் செதுக்கிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுக் காய் அங்கிருந்துதான் வரும். பழம் அறுத்த பழைய காம்பை மட்டும் நீக்கினால் போதும். எந்த மரத்திலும் ஒரே ஆண்டில் பசுமையில் கால் பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். கவாத்துக்குப் பிறகு வெயில் நேரே படும் தடித்த கிளைகளுக்கும் அடிமரத்துக்கும் சுண்ணாம்பு பூசினால் பட்டை வெடிக்காது. வெள்ளையடிப்பது அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. வெயிலைத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கவாத்து இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், உள்நாட்டில் இருக்கும் நம் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரம் வரை வந்து தென்னையையும் பலாவையும் மாவையும் சாய்த்துப் போட்டது. தலைமுறைகளாக நின்ற மரங்கள் ஒரே இரவில் போயின. அத்தகைய புயலை எந்தக் கவாத்தும் முழுமையாகத் தடுக்காது. ஆனால் தலைக்கனம் குறைந்து, காற்று ஊடே புகுந்து போக இடமிருக்கும் மரத்துக்குத் தாங்கும் வாய்ப்பு கூடுதல். நமக்குப் புயல் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆனி, ஆடியில் செய்யும் கவாத்து அதற்கான முன்னேற்பாடும் ஆகும்.

வெட்டிய இடத்தில் சாணம் பூசினால் புண் ஆறும் என்பதும் பரவலான நம்பிக்கை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து 1970-களில் விளக்கிய உண்மை இது: மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிடுகிறது. புதுப்பட்டை அதன் மேல் மூடி வளர்கிறது. ஈரச் சாணம் அந்த இடத்தை நனைவாக வைத்துப் பூஞ்சாணத்துக்குத்தான் உதவும். முக்கியம் வெட்டும் விதம். கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை போலத் தடித்திருக்கும் பகுதியை விட்டு, அதற்கு வெளியே மழமழவென்று அறுக்க வேண்டும். அரிவாளால் கொத்தாமல் ரம்பம் வைத்து அறுங்கள். கனமான கிளைக்கு முதலில் அடிப்புறம் சிறிது அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. எலுமிச்சையில் பிசின் வடியும் புண்ணைச் சுரண்டிய இடத்துக்கு மட்டும் போர்டோ பசை பூசலாம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. வீட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே மிச்சமாகும்.

நம்பிக்கை 6: "காய்க்காத மரத்துக்கு ஆணி அடி, அடுத்த வருசம் காய்க்கும்."

உண்மை: ஆணி அடித்த மறு ஆண்டு காய்த்த மரங்கள் ஊருக்கு ஊர் இருக்கும். அதனால்தான் இந்த நம்பிக்கை சாகவில்லை. காரணம் எளிது. மா பெரும்பாலும் ஓராண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு குறைக்கும். நிறையக் காய்த்த ஆண்டில் சத்தெல்லாம் பழத்துக்குப் போய்விட, புதுத்தளிர் குறைகிறது. அதனால் அடுத்த பருவத்தில் பூக்க நுனி இருக்காது. காய்க்காத ஆண்டில்தான் நாம் ஆணியைத் தேடுகிறோம். அதற்கடுத்த ஆண்டு மரம் தானாகவே காய்க்கும் முறை. பெயர் ஆணிக்குப் போகிறது.

காய்க்காத மரத்திடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். வயது என்ன? கொட்டை போட்டு வந்த மாவும் பலாவும் காய்க்க 7, 8 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் தொடங்கும். வெயில் படுகிறதா? சுவர், வேப்பமர நிழலில் நிற்கும் மா இலைதான் விடும். யூரியா அதிகம் போட்டோமா? தழைச்சத்து மிகுந்தால் தழையே பெருகும். பூத்தும் காய் பிடிக்கவில்லையா? தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் காரணமாக இருக்கலாம். பப்பாளியில் பூ மட்டும் சரம் சரமாகத் தொங்கினால் அது ஆண் மரம். ஆணியால் அது பெண்ணாகாது. கோ.7 போன்ற, ஆண் மரமே வராத ரகத்தை நட்டால் இந்தச் சிக்கல் எழாது.

வளர்ந்த மா மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ மட்கிய எருவும், தழை, மணிச்சத்து தலா 1 கிலோவும், சாம்பல்சத்து ஒன்றரைக் கிலோவும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இவை சத்தின் அளவு. உரத்தின் அளவு இதைவிடக் கூடுதலாக வரும். அதைப் போடும் காலம் புரட்டாசி, ஐப்பசி. காய்ந்த கோடை மண்ணில் ரசாயன உரத்தைக் கொட்டினால் வேர் கருகும். ஆணி செய்யும் ஒரே வேலை, பூஞ்சாணத்துக்கும் தண்டுதுளைப்பானுக்கும் வழி திறப்பது.

நம்பிக்கை 7: "மழை விழுந்தா மாம்பழத்துல தானா புழு பிறக்கும்."

உண்மை: மழைக்குப் பின் புழு கூடுவது உண்மை. தானாகப் பிறப்பதில்லை. பழ ஈ முற்றிய காயின் தோலுக்கடியில் முட்டையிடுகிறது. வெளியே ஊசி முனையளவு புள்ளிதான் தெரியும். புழு சதையைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் சில விரற்கடை ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. மழையில் மண் இளகியதும் ஈக்கள் கூட்டமாக வெளிவருகின்றன. மாவில் பெருகிய ஈ, ஆடியில் கொய்யாவைப் பிடிக்கும். ஆகவே விழுந்த பழத்தை மரத்தடியில் விடுவதும், குப்பைக்குழியில் மேலாக எறிவதும் ஈ வளர்ப்பதற்குச் சமம். தினமும் பொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கோழிக்கும் இரையாகும்.

மெத்தில் யூஜினால் பொறி இதற்குப் பெரிய துணை. அதன் தொடக்கம் நம் நாட்டில்தான். பீகாரின் பூசாவில் பூச்சியியலாளராக இருந்த ஹவ்லெட், சிட்ரனெல்லா எண்ணெய் வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-இல் எழுதினார். அதைத் தொடர்ந்தே மெத்தில் யூஜினால் என்ற பொருள் அடையாளம் காணப்பட்டது. இன்று உலகமெங்கும் பழத்தோட்டங்களில் அந்தப் பொறி தொங்குகிறது. அது பிடிப்பது ஆண் ஈக்களை மட்டும். ஆகவே காய் முற்றுவதற்கு முன்பே கட்ட வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் கட்டாமல் தெருவே சேர்ந்து கட்டினால் பலன் தெரியும்.

வெளியே ஓட்டையே இல்லாத மாம்பழத்தின் கொட்டைக்குள் கருவண்டு இருப்பது இன்னொரு புதிர். பூவிலேயே வண்டு அடைபட்டதாகச் சொல்வார்கள். உண்மையில், கோலிக்குண்டு அளவுப் பிஞ்சில் தாய்வண்டு முட்டையிடுகிறது. புழு சதை வழியே இளங்கொட்டைக்குள் போய்விட, காய் பெருக்கும்போது அந்த வழி தூர்ந்துவிடுகிறது. வெளிவரும் வண்டு பட்டை இடுக்குகளில் அடுத்த பூ வரை காத்திருக்கும். கொட்டைகளைப் பொறுக்கி அழிப்பதும், ஆடியில் அடிமரத்தின் வெடித்த பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் அடுத்த ஆண்டு வண்டைக் குறைக்கும்.

நம்பிக்கை 8: "வெள்ளையா மாவு படிஞ்சிருக்கா? இருக்கிறதிலேயே கடுமையான மருந்தா வாங்கி அடி."

உண்மை: கோடையில் பப்பாளி, கொய்யா, சீத்தாவில் மாவுப்பூச்சி அடர்வது வழக்கம். பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டுக்கு வந்த கதையே இதற்கு விடை. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலில் கண்டறியப்பட்ட இப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுவதும் பாய்ந்தது. மருந்துகள் அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் வயல்களில் விடப்பட்டன. அதன்பின் பூச்சி அடங்கியது. கடும் மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவிகளையும் பொறிவண்டுகளையும்தான். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பிவிடும்.

முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மிக மோசமான கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மாவுப்பூச்சியைச் சுமந்து மரமேற்றும் எறும்பைத் தடுங்கள். மிஞ்சியதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும். ஆனால் 'இயற்கை மருந்துதானே, எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது' என்பதும் தவறு. அளவு மிஞ்சினாலோ, வெயில் ஏறிய நேரத்தில் அடித்தாலோ வேப்பெண்ணெயும் இலையைக் கருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

நம்பிக்கை 9: "வவ்வால் கடிச்ச பழம்தான் இனிப்பு. வெட்டிட்டுச் சாப்பிடலாம்."

உண்மை: வவ்வால் கனிந்த பழத்தைத் தேடி வருவது சரி. அது கடித்ததை உண்பது தவறு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் பரவிய நிபா நோயில் 17 பேர் இறந்தார்கள். அந்த நச்சுயிரியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வவ்வால். தமிழ்நாட்டில் அச்சம் கொள்ளத் தேவையில்லை. கடிபட்ட பழத்தைக் கையுறையோடு எடுத்துப் புதைத்துவிடுங்கள், குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். வவ்வாலை விரட்டிக் கொல்லவும் வேண்டாம். இலுப்பை போன்ற மரங்களின் மகரந்தமும் விதையும் பரவ அது உழைக்கிறது. கொய்யாவைக் காய்ப் பருவத்திலேயே துணிப்பை கட்டினால் வவ்வாலும் தொடாது, பழ ஈயும் தொடாது.

நம்பிக்கை 10: "தீட்டான பொம்பளை தொட்டா செடி கருகிடும்."

உண்மை: கருகாது. எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை பக்கம் அந்த மூன்று நாள் போகக் கூடாது என்று இன்னும் பல வீடுகளில் சொல்கிறார்கள். இது நம் ஊரின் நம்பிக்கை மட்டுமன்று. தொண்டை அடைப்பான் நோய்ச் சோதனையால் புகழ்பெற்ற மருத்துவர் பேலா ஷிக், மாதவிலக்கான பெண் தொட்ட பூக்கள் வாடுவதாகவும் அதற்கு ஒரு நஞ்சு காரணம் என்றும் 1920-இல் வியன்னாவில் எழுதினார். நூற்றாண்டு ஆகியும் அப்படி ஒரு நஞ்சை யாராலும் நிலைநாட்ட முடியவில்லை. கொல்லையில் தண்ணீர் சுமந்து, சருகு அள்ளி, பழம் பொறுக்கி மரத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனி வெயிலில் மூன்று நாள் தண்ணீரின்றி ஓர் இளங்கன்று வாடினால் காரணம் அந்தத் தடையே. இந்த நம்பிக்கையை விட்டொழிக்க வேண்டும்.

இன்னும் சில, சுருக்கமாக

"வெயில் தாங்காம மாதுளை வெடிக்குது": காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் கொடுப்பதே வெடிப்புக்கு முக்கியக் காரணம். எலுமிச்சையும் இப்படியே வெடிக்கும். சீரான இடைவெளியும் மூடாக்கும் மருந்து.

"பிஞ்சு கொட்டுது, கண்ணு பட்டுடுச்சு": மா மரத்தில் பூக்கும் பூக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாவதில்லை. தாங்க முடியாததை மரமே உதிர்க்கிறது. அளவுக்கு மீறிக் கொட்டினால் ஈரத்தையும் பூச்சியையும் பாருங்கள்.

"ஆடிப்பட்டம் தேடி விதை, கன்றும் ஆடியிலேயே நடு": பழமொழி பயிருக்குச் சொன்னது. ஆடியில் குழி எடுங்கள். மா, பலாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். குழி வெயிலில் காயட்டும். மேல்மண்ணும் எருவும் கலந்து மூடி, மழை தொடங்கிய பின் நட்டால் கன்றுக்கு முதல் கோடை வருமுன் வேர் பிடிக்க மாதங்கள் கிடைக்கும்.

ஆக, இந்த ஆனி, ஆடியில் செய்ய வேண்டியவை இவை. வாரம் ஒருமுறை ஆழமான தண்ணீர், பாத்தி நிறைய மூடாக்கு, மாவுக்கு உடனடிக் கவாத்து, விழுந்த பழத்தை அன்றன்றே அப்புறப்படுத்துதல். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஐயம் வந்தால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ பாதிக்கப்பட்ட இலையையும் காயையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்குவதற்கு முன்பு போங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழ ஈக்கு வேலி தெரியாது. அடுத்த ஆண்டு உங்கள் மரம் காய்ப்பதும் காய்க்காததும் பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில் நீங்கள் அதைக் கவனித்துக்கொள்வதைப் பொறுத்தது.